இன்று வாசிக்கிறவர்களை இன்றே கேட்பது

என் விருப்பப் பட்டியலில் ஓர் ஆல்பம் மூன்று ஆண்டுகள் காத்துக் கிடந்தது. ஜாஸ் டிரம்பெட் கலைஞர் ஜேமி பிராஞ்ச் தன் 'ஃபிளை ஆர் டை' குழுவோடு 2019இல் வெளியிட்ட இரண்டாவது ஆல்பம் அது. வந்த புதிதிலேயே அதிலிருந்து ஓர் உருப்படியைக் கேட்டேன். டிரம்பெட் வாசித்துக்கொண்டிருந்தவர் அதில் வாய்திறந்து பாடவும் செய்கிறார். அடக்கிவைத்த கோபம் வழி கண்டுபிடித்து வெளியே வருவதுபோல இருந்தது அந்தக் குரல். உடம்பு சிலிர்த்தது. அடுத்த மாதம் வாங்கிக்கொள்ளலாம் என்று பட்டியலில் சேர்த்துவைத்தேன். அடுத்த மாதம் வேறு செலவு வந்தது. பிறகு வேறு ஆல்பங்கள் வந்தன. 2022 ஆகஸ்ட் 22 அன்று ஜேமி பிராஞ்ச் இறந்தார். வயது 39.

செய்தியைப் படித்த இரவே அந்த ஆல்பத்தை வாங்கினேன். பணம் செலுத்தும் பக்கத்தில், கலைஞருக்கு ஏதேனும் எழுத விரும்பினால் எழுதலாம் என்று ஒரு சிறு கட்டம் இருந்தது. எழுத என்னிடம் சொற்கள் இருந்தன. படிக்க அவர் இல்லை. கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டுப் பணத்தைச் செலுத்தினேன்.

அந்த இரவுக்குப் பிறகு ஜாஸ் கேட்கும் என் பழக்கங்கள் ஒவ்வொன்றாக மாறின. அப்படி மாறியதில் கற்றுக்கொண்டவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். ஜாஸ் பிடிக்கும், ஆனால் புதிதாக யாரைக் கேட்பது என்று தெரியவில்லை என்று சொல்லும் நண்பர்கள் எனக்குப் பலர் இருக்கிறார்கள். அவர்களை மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

அதற்கு முன்பு பத்து ஆண்டுகளுக்கும் மேலாக நான் பெரும்பாலும் ஒரே காலத்துக்குள்தான் சுற்றிவந்தேன். சொல்லப்போனால் ஒரே ஆண்டுக்குள். 1959. மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ', சார்லஸ் மிங்கஸின் 'மிங்கஸ் ஆ உம்', டேவ் புரூபெக்கின் 'டைம் அவுட்', ஆர்னெட் கோல்மனின் 'தி ஷேப் ஆஃப் ஜாஸ் டு கம்' எல்லாமே அந்த ஓராண்டில் வந்தவை. அவற்றைக் கேட்டுத் தீர்த்த நேரத்துக்காக நான் வருந்தவில்லை. ஆனால் ஒன்றைத் தாமதமாகத்தான் உணர்ந்தேன். இந்த இசைக்கு உயிர் மனோதர்மம். அடுத்த சுரம் எங்கே போகும் என்று வாசிக்கிறவருக்கே முழுதாகத் தெரியாத அந்தக் கணத்துக்காகத்தான் நாம் இதைக் கேட்கிறோம். நானோ அந்த ஆல்பங்களை முந்நூறு முறை கேட்டு, ஒவ்வொரு தனிவாசிப்பையும் நெட்டுருப் போட்டிருந்தேன். அன்று அவர்கள் அந்தக் கணத்தில் கண்டெடுத்தது, என் காதில் எழுதிவைத்த பாடமாக மாறியிருந்தது. முன்பின் தெரியாத ஒரு புதிய ஆல்பத்தை முதல் முறை கேட்டபோதுதான், அடுத்து என்ன வரும் என்று தெரியாத அந்தப் பதைப்பு மீண்டும் எனக்குக் கிடைத்தது.

சரி, புதியவர்களை எங்கே தேடுவது?

நான் கண்டுகொண்ட மிக நல்ல வழி, அட்டையின் பின்பக்கம். குழுவின் தலைவர் பெயர் முன்னால் பெரிதாக இருக்கும். உடன் வாசித்தவர்களின் பெயர்கள் பின்னால் பொடி எழுத்தில் இருக்கும். பக்கவாத்தியக்காரர்கள் என்று நாம் சொல்வோமே, அவர்கள்தான். ஜாஸில் ஒரு வழக்கம் உண்டு. இன்று ஒருவர் குழுவில் பக்கத்தில் நின்று வாசிக்கிறவர், நாளை தன் பெயரில் குழு அமைப்பார். இன்றைய தலைவர் அங்கே போய்ப் பக்கத்தில் நிற்பார். எனவே உங்களுக்குப் பிடித்த ஓர் ஆல்பத்தில் ஐந்து பேர் இருந்தால், உங்கள் கையில் ஐந்து வாசல்கள் இருக்கின்றன.

நான் போன ஒரு பாதையைச் சொல்கிறேன். கிதார் கலைஞர் மேரி ஹால்வர்சன் 2022இல் 'அமரில்லிஸ்', 'பெல்லடோனா' என்று இரண்டு ஆல்பங்களை ஒரே நாளில் வெளியிட்டார். முதலாவதில் ஆறு பேர் குழு. அதைக் கேட்கும்போதெல்லாம் என் கவனம் கிதாரைவிட்டு விலகி வைப்ரஃபோன் பக்கம் போய்க்கொண்டே இருந்தது. உலோகப் பட்டைகளைத் தட்டினால் வரும் அந்த ஒலி, தண்ணீருக்குள்ளிருந்து கேட்பதுபோல வளைந்து நெளிந்து வந்தது. வாசித்தவர் யார் என்று பார்த்தேன். பாட்ரிசியா பிரென்னன், மெக்சிகோவின் வெராக்ரூஸ் நகரில் பிறந்தவர். பெயரைத் தேடினேன். 2021இல் 'மகிஷ்டி' என்று தனியாகவே வாசித்து ஓர் ஆல்பம் வெளியிட்டிருக்கிறார். ஒரே ஒருவர், வைப்ரஃபோனும், மரப் பட்டைகளைத் தட்டி வாசிக்கும் மரிம்பாவும் மட்டும். அத்தனை அமைதியான ஆல்பத்தை நான் அதுவரை கேட்டதில்லை. அதன் பிறகு அவர் எது வெளியிட்டாலும் முதல் நாளே வாங்குகிறேன். 2024இல் ஏழு பேரோடு 'பிரேக்கிங் ஸ்ட்ரெச்' வந்தது. ஃபிரான்சிஸ் டேவிஸ் என்ற விமர்சகரின் பெயரில் நடக்கும் ஜாஸ் விமர்சகர்கள் வாக்கெடுப்பில் அந்த ஆண்டின் சிறந்த ஆல்பமாக அது தேர்வானபோது, என் வீட்டில் ஒருவருக்குப் பரிசு கிடைத்ததுபோல மகிழ்ந்தேன்.

'அமரில்லிஸ்' குழுவிலேயே இன்னொரு பெயர், டிரம்பெட் வாசித்த ஆடம் ஓஃபாரில். அவர் வழியாக வேறொரு பக்கம் போனேன். 2015இல் சாக்ஸஃபோன் கலைஞர் ருத்ரேஷ் மகந்தப்பா வெளியிட்ட 'பேர்ட் கால்ஸ்' ஆல்பத்தில் ஓஃபாரில் இருக்கிறார். மகந்தப்பா பின்னோக்கி இழுத்துக்கொண்டு போய் நிறுத்திய இடம் 2008இல் வந்த 'கின்ஸ்மென்'. அதில் அவரோடு இணையாக ஆல்ட்டோ சாக்ஸஃபோன் வாசிப்பவர் கர்நாடக இசைக் கலைஞர் கத்ரி கோபால்நாத். வயலினில் ஏ. கன்யாகுமரி, மிருதங்கத்தில் பூவலூர் ஸ்ரீஜி. இரண்டு சாக்ஸஃபோன்கள் ஒரே சொற்றொடரைப் பிடித்து, ஒன்று கமகத்தோடு இழைய, இன்னொன்று அதையே முறித்துப் போட, எதிரும் புதிருமாகப் பேசிக்கொள்கின்றன. நியூயார்க்கின் கிதார் கலைஞர் ஒருவரைக் கேட்கத் தொடங்கியவன் கடைசியில் கன்யாகுமரி அம்மாவின் வயலினில் வந்து நின்றேன். எந்தத் தளத்தின் பரிந்துரைப் பெட்டியும் இந்தப் பாதையில் என்னை அழைத்துப் போயிருக்காது. நான் முன்பு கேட்டதைப்போலவே இருக்கும் இன்னொன்றைத்தான் அது காட்டும்.

'பிரேக்கிங் ஸ்ட்ரெச்' ஆல்பத்தில் டிரம்ஸ் வாசித்தவர் மார்கஸ் கில்மோர். பியானோ கலைஞர் விஜய் ஐயரின் மூவர் குழு 2009இல் வெளியிட்ட 'ஹிஸ்டாரிசிட்டி' ஆல்பத்திலும் டிரம்ஸ் அவர்தான். கில்மோரின் தாத்தா, டிரம்ஸ் கலைஞர் ராய் ஹேன்ஸ். சாக்ஸஃபோன் மேதைகள் சார்லி பார்க்கரோடும் ஜான் கோல்ட்ரேனோடும் வாசித்தவர், 99 வயதுவரை வாழ்ந்து 2024 நவம்பரில் மறைந்தார். இன்றைய பெயர்களைப் பிடித்துக்கொண்டு போனால் பழைய இசைத்தட்டுகளுக்கும் போய்ச் சேரலாம். அப்படிப் போய்ச் சேர்ந்தபோது, பழையவையே எனக்குப் புதிதாகக் கேட்டன.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். பெரும்பாலான ஸ்ட்ரீமிங் தளங்களில் இந்தப் பொடி எழுத்துப் பெயர்களைக் காண்பது கடினம். தலைவர் பெயரோடு நின்றுவிடும். கலைஞர்களும் நிறுவனங்களும் தங்கள் இசையை நேரடியாக விற்கும் பேண்ட்கேம்ப் தளத்தில் ஆல்பம் பக்கத்தின் அடியில் பெரும்பாலும் முழு விவரமும் இருக்கும். பழைய வெளியீடுகளுக்கு டிஸ்காக்ஸ் என்ற தரவுத்தளம் நன்றாக உதவுகிறது. யார் எந்தக் கருவி, எங்கே பதிவு செய்தார்கள், ஒலிப்பதிவாளர் யார் என்பதை எல்லாம் ஒரு நோட்டுப் புத்தகத்தில் கையால் எழுதிவைக்கிறேன். கையால் எழுதினால் பெயர் மனத்தில் தங்குகிறது. நான்கு மாதம் கழித்து அதே பெயர் வேறோர் அட்டையில் வரும்போது, தெருவில் தெரிந்தவரைப் பார்த்ததுபோல நின்றுவிடுகிறேன்.

அடுத்தது பதிவு நிறுவனங்கள். ஜாஸில் சிறிய நிறுவனம் என்பது பெரும்பாலும் ஒருவர் அல்லது இருவரின் காதுதான். மன்ஃபிரெட் ஐகர் 1969இல் மியூனிக்கில் தொடங்கிய ஈசிஎம் எல்லாருக்கும் தெரிந்தது. அதற்கு அப்பால் சூரிக்கின் இன்டாக்ட், லிஸ்பனின் கிளீன் ஃபீட், நியூயார்க்கின் பை ரெக்கார்டிங்ஸ், 2014இல் சிகாகோவில் தொடங்கிய இன்டர்நேஷனல் ஆன்த்தம் என்று பல இருக்கின்றன. பியானோ கலைஞர் கிரிஸ் டேவிஸ் 2016இல் தொடங்கிய பைரோகிளாஸ்டிக்தான் 'பிரேக்கிங் ஸ்ட்ரெச்' ஆல்பத்தை வெளியிட்டது. கலைஞர்களே நடத்தும் நிறுவனம் என்றால் எனக்குக் கொஞ்சம் கூடுதல் பிரியம் உண்டு, மறைக்கவில்லை.

இவற்றில் மூன்றைத் தேர்ந்தெடுத்து, ஓர் ஆண்டு முழுக்க அவை வெளியிட்ட ஒவ்வொன்றையும் ஒரு முறையாவது கேட்பது என்று முடிவு செய்தேன். பிடிக்கிறதோ இல்லையோ, முழுதாக. முதல் நான்கு மாதங்கள் சிரமமாக இருந்தது. ஒரு நிறுவனத்தின் வெளியீடுகளில் மூன்றில் இரண்டு எனக்கு வெறும் இரைச்சலாகப் பட்டன. ஆறாவது மாதத்தில், முன்பு பாதியில் எரிச்சலோடு நிறுத்தியிருக்கக்கூடிய ஒரு சாக்ஸஃபோன் வாசிப்பை நான் சிரித்த முகத்தோடு கேட்டுக்கொண்டிருப்பதைக் கவனித்தேன். காது பழக்கத்துக்கு வந்திருந்தது. மூன்றுக்கு மேல் வேண்டாம் என்பது என் கண்டிப்பான கருத்து. பத்து நிறுவனங்களின் செய்திமடல்களுக்குப் பதிவு செய்தால் எதையும் படிக்க மாட்டீர்கள்.

விமர்சகர்களின் ஆண்டுப் பட்டியல்களையும் பயன்படுத்தலாம், ஆனால் நேராக முதலிடத்தைப் பார்ப்பதால் அதிகப் பயனில்லை. மேலே சொன்ன ஃபிரான்சிஸ் டேவிஸ் வாக்கெடுப்பில், ஒவ்வொரு விமர்சகரும் தனித்தனியாக எந்தப் பத்து ஆல்பங்களுக்கு வாக்களித்தார் என்பதையும் வெளியிடுகிறார்கள். உங்களுக்குப் பிடித்த மூன்று ஆல்பங்கள் யாருடைய பத்தில் இருக்கின்றன என்று தேடுங்கள். கிடைத்துவிட்டால், மீதி ஏழு ஆல்பங்களையும் கேளுங்கள். நான் இப்படி இரண்டு விமர்சகர்களைக் கண்டுபிடித்தேன். அவர்களை நேரில் தெரியாது. அவர்கள் காதை எனக்கு நன்றாகத் தெரியும்.

நியூயார்க்கில் 1994இல் தொடங்கிய ஸ்மால்ஸ் என்ற சிறு அரங்கம் தன் கச்சேரிகளை இணையத்தில் நேரலையாகவும் ஒளிபரப்புகிறது. நேர வித்தியாசம் காரணமாக எல்லாருக்கும் வசதிப்படாது. வசதிப்பட்டால் விடாதீர்கள். இன்னும் ஆல்பம் வெளியிடாத இளைஞர்களை அங்கே முதலில் பார்க்கலாம்.

கேட்கும் முறை பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் புதிய ஜாஸ் பிடிக்கவில்லை என்று சொல்பவர்களில் பலர் அதைச் சரியாக ஒரு முறைகூடக் கேட்டிருப்பதில்லை. வேலை செய்துகொண்டே பின்னணியில் ஓடவிட்டால், அது தொந்தரவாகத்தான் இருக்கும். நான் ஒரு புதிய ஆல்பத்தை மூன்று முறை கேட்கிறேன். முதல் முறை எதையும் படிக்காமல், எழுதாமல், முதலிலிருந்து கடைசிவரை. இரண்டாவது முறை, தாழ்ந்த சுரங்களில் ஒலிக்கும் பாஸ் வாத்தியத்தை மட்டும் பின்தொடர்கிறேன். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஒரு பழைய நண்பர். அவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். மேலே எல்லாம் கலைந்து போனதுபோலத் தோன்றும் இடத்திலும் பாஸ் எதையோ பிடித்துக்கொண்டு நடந்துகொண்டிருக்கும். அந்த நூலைப் பிடித்துவிட்டால் மற்றவர்கள் ஏன் அப்படி வாசிக்கிறார்கள் என்பது புரியத் தொடங்கும். மூன்றாவது முறை ஒரு வாரம் கழித்து. அதற்குப் பிறகும் ஒட்டவில்லை என்றால் வருத்தமில்லாமல் அடுத்ததற்குப் போய்விடலாம்.

இனி பணம். இதைப் பேசக் கூச்சப்படுகிறவர்கள் அதிகம். நான் வெளிப்படையாகப் பேச விரும்புகிறேன்.

ஸ்ட்ரீமிங்கில் கேட்பது ஒரு கலைஞரை அறிந்துகொள்ள நல்ல வழி. ஆதரிக்கும் வழியாக அதை எண்ணிவிடக் கூடாது. ஒரு ஜாஸ் ஆல்பத்தை உலகம் முழுக்கச் சில ஆயிரம் பேர்தான் கேட்பார்கள். கோடிக்கணக்கான முறை கேட்கப்படும் பாட்டுகளோடு பங்கு பிரிக்கும் ஒரு முறையில் அவர்களுக்கு வருவது சொற்பம். பெரிய தளம் ஒன்று, பன்னிரண்டு மாதங்களில் ஆயிரம் முறைக்குக் கீழே கேட்கப்பட்ட பாட்டுகளுக்குப் பணமே இல்லை என்று 2024இலிருந்து விதி வகுத்திருக்கிறது. பன்னிரண்டு நிமிடம் நீளும் ஓர் உருப்படி ஆயிரம் முறை கேட்கப்படுவது எத்தனை கடினம் என்று யோசித்துப் பாருங்கள்.

பேண்ட்கேம்ப் தளத்தில் ஒரு டிஜிட்டல் ஆல்பத்தை வாங்கினால், தளம் 15 சதவீதம் எடுத்துக்கொள்கிறது. இசைத்தட்டு போன்ற பொருள்களுக்கு 10 சதவீதம். பணப் பரிமாற்றக் கட்டணம் தனி. மீதி அந்தப் பக்கத்தை நடத்துகிறவருக்குப் போகிறது. 2020 மார்ச் 20 முதல், குறிப்பிட்ட சில வெள்ளிக்கிழமைகளில் தன் பங்கையும் விட்டுக்கொடுக்கிறது. கச்சேரிகள் எல்லாம் நின்றுபோன தொற்றுக் காலத்தில் தொடங்கிய ஏற்பாடு. "பக்கத்தை நடத்துகிறவர்" என்று நான் சொன்னதைக் கவனித்திருப்பீர்கள். சில ஆல்பங்கள் கலைஞரின் சொந்தப் பக்கத்திலும் நிறுவனத்தின் பக்கத்திலும் இரண்டிலும் இருக்கும். வாங்கும் முன் கலைஞரின் சொந்த இணையதளத்துக்குப் போய், அவர் எந்த இணைப்பைத் தருகிறார் என்று பாருங்கள். அவர் காட்டும் வாசல்தான் அவருக்கு உகந்தது.

அதைவிட முக்கியமானது, எப்போது வாங்குகிறோம் என்பது. வினைல் இசைத்தட்டை ஆலையில் அச்சிடப் பல மாதங்கள் ஆகும். அதற்கான பணத்தை முன்கூட்டியே கட்ட வேண்டும். பதிவரங்கக் கட்டணம், உடன் வாசித்தவர்களுக்குச் சம்பளம், ஒலிக்கலவை எல்லாம் ஏற்கெனவே கையிலிருந்து போயிருக்கும். ஆகவே முன்பதிவாக வரும் பணம், ஆறு மாதம் கழித்து வரும் அதே பணத்தைவிட அவர்களுக்கு அதிகம் உதவுகிறது. எத்தனை தட்டு அச்சிடுவது என்று முடிவெடுக்கவும் முன்பதிவுகளைத்தான் பார்க்கிறார்கள். நான் இப்போது, உறுதியாகப் பிடிக்கும் என்று தெரிந்தவர்களின் ஆல்பத்தை அறிவிப்பு வந்த வாரமே வாங்கிவிடுகிறேன். தெரியாதவர்களுடையதை மூன்று முறை கேட்ட பிறகு.

ரசிகர்களின் முன்பணத்தால் ஆல்பம் உருவாக்கும் முறை ஜாஸில் புதிதல்ல. இசையமைப்பாளர் மரியா ஷ்னைடர் தன் பெரிய இசைக்குழுவோடு 2004இல் வெளியிட்ட 'கான்சர்ட் இன் தி கார்டன்', ஆர்ட்டிஸ்ட்ஷேர் என்ற ஏற்பாட்டின் வழியாக ரசிகர்களின் பணத்தில் உருவாகி, கடைகளுக்கே போகாமல் கிராமி விருது பெற்றது. கேட்கிறவர்கள் முன்வந்தால் பதினேழு பதினெட்டுப் பேர் வாசிக்கும் இசையைக்கூட நிலைநிறுத்திக் காட்ட முடியும் என்பதற்கு அந்த ஆல்பம் சாட்சி.

என்னுடைய இரண்டு தவறுகளையும் சொல்லிவிடுகிறேன். ஜேமி பிராஞ்ச் இறந்த சில மாதங்களில், குற்ற உணர்ச்சியின் வேகத்தில், ஒரே வெள்ளிக்கிழமையில் பதினொரு ஆல்பங்கள் வாங்கினேன். அவற்றில் ஏழு ஆல்பங்களை ஓர் ஆண்டுவரை முழுதாகக் கேட்கவில்லை. பணம் போய்ச் சேர்ந்திருக்கும், அது நல்லதுதான். ஆனால் கேட்கப்படாத ஆல்பத்தைப் பற்றி நான் யாரிடமும் சொல்லவில்லை, அடுத்த ஆல்பத்துக்குக் காத்திருக்கவும் இல்லை. இப்போது மாதத்துக்கு இரண்டுதான். வருமானத்துக்குத் தக்க ஒரு தொகையை ஒதுக்கிவைத்து, அதை ஒருபோதும் தாண்டுவதில்லை. ஒருபோதும் விட்டுவிடுவதும் இல்லை.

இன்னொன்று வினைல் மீது இருந்த மோகம். தொலைதூரத்திலிருந்து வரவழைத்த தட்டு ஒன்று வழியில் வெயில்பட்டு வளைந்து வந்தது. அனுப்பும் கட்டணம் தட்டின் விலையைத் தொட்டிருந்தது. அந்தக் கட்டணத்தில் ஒரு காசுகூட இசைக்கலைஞருக்குப் போகவில்லை என்று பிறகுதான் யோசித்தேன். அன்றிலிருந்து டிஜிட்டலாக வாங்கி, விருப்பம்போல் கூடுதலாகக் கொடுக்க இடமிருந்தால் கொஞ்சம் கூட்டிக் கொடுக்கிறேன். தட்டு வேண்டுமென்றால், கச்சேரி முடிந்ததும் மேடையோரம் மேசை போட்டு அவர்களே விற்கும்போது வாங்குவதே நல்லது. கையிலிருந்து கைக்குப் போகும் பணம் அது. பையோஃபிலியா என்ற நிறுவனம் தட்டே இல்லாமல், மடித்து மடித்துச் செய்த அழகிய காகித உறையில் ஓவியங்களையும் விவரங்களையும் அச்சிட்டு, இசையைத் தரவிறக்கிக்கொள்ள ஒரு குறியீட்டையும் தருகிறது. கையில் பிடித்துப் படிக்க ஏதாவது வேண்டும் என்கிற என்னைப் போன்றவர்களுக்கு அது போதும்.

பணத்துக்கு நிகராக நான் மதிப்பது எழுதுவதை. பேண்ட்கேம்ப் தளத்தில் வாங்கியவர்கள் ஆல்பத்தின் பக்கத்தில் சில வரிகள் எழுதலாம். அடுத்து வருகிறவர் அதைப் படிக்கிறார். கலைஞருக்கும் நேரடியாக எழுதலாம். தொடக்கத்தில் ஒரு பியானோ கலைஞருக்கு இரண்டு பக்க நீளத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். அவர் இசையை அவருக்கே விளக்கும் கடிதம். பதில் வரவில்லை, வராததில் நியாயம் இருக்கிறது. பிறகு ஒரு பாஸ் கலைஞருக்கு இரண்டே வரி எழுதினேன். இன்ன உருப்படியில், நான்காவது நிமிடத்தில் டிரம்ஸ் நின்று நீங்கள் மட்டும் வாசிக்கும் இடத்தை இன்று காலை ஐந்து முறை கேட்டேன், நன்றி என்று. மறுநாளே பதில் வந்தது. அந்த இடத்தை நீக்கிவிடலாமா என்று கடைசிவரை யோசித்ததாகவும், யாரோ ஒருவர் அதைக் கேட்டார் என்று தெரிந்ததில் மகிழ்ச்சி என்றும் எழுதியிருந்தார். எந்த இடம், எத்தனையாவது நிமிடம் என்று குறிப்பிட்டு எழுதுங்கள். உண்மையாகவே உட்கார்ந்து கேட்ட ஒருவரால்தான் அப்படி எழுத முடியும் என்று அவர்களுக்குத் தெரியும்.

நண்பர்கள் நான்கு பேர் மாதம் ஒரு முறை கூடுகிறோம். ஆளுக்கோர் ஆல்பம் கொண்டுவர வேண்டும். அது வெளிவந்து ஓராண்டுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது என்பது மட்டுமே விதி. கொண்டுவந்தவர் அதை வாங்கியிருக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, ஆனால் எல்லாரும் வாங்கித்தான் வருகிறார்கள். ஒருவர் கொண்டுவந்ததை மற்ற மூவரில் குறைந்தது ஒருவர் அந்த வாரமே வாங்குகிறார். சில நூறு பேர் வாங்கும் ஓர் ஆல்பத்தில் ஓர் அறையிலிருந்து இரண்டு பேர் என்பது பெரிய எண்ணிக்கை.

ஜேமி பிராஞ்ச் இறப்பதற்குச் சில மாதங்கள் முன்பு, 2022 ஏப்ரலில், தன் குழுவோடு மூன்றாவது ஆல்பத்தைப் பதிவு செய்திருந்தார். அவருடைய குடும்பத்தாரும் உடன் வாசித்தவர்களும் சேர்ந்து அதை முடித்து, 2023 ஆகஸ்டில் வெளியிட்டார்கள். அறிவிப்பு வந்த நாளே முன்பதிவு செய்தேன். அட்டையின் பின்பக்கத்தில் செல்லோ லெஸ்டர் செயின்ட் லூயிஸ், பாஸ் ஜேசன் அஜேமியன், டிரம்ஸ் சாட் டெய்லர். சாட் டெய்லர் அவருடைய மூன்று ஆல்பங்களிலும் இருந்தவர். அந்த டிரம்ஸைப் பல முறை கேட்டிருக்கிறேன். பெயரை ஒரு முறைகூடத் தனியாகத் தேடியதில்லை.

தேடினேன். சாக்ஸஃபோன் கலைஞர் ஜேம்ஸ் பிராண்டன் லூயிஸின் நால்வர் குழுவில் வாசிக்கிறார், இன்டாக்ட் நிறுவனத்துக்காக. 2020இல் 'மாலிக்யுலர்', அடுத்த ஆண்டு 'கோட் ஆஃப் பீயிங்'. இரண்டையும் ஒரு வாரம் கேட்டேன். 2024இல் அதே குழுவின் 'டிரான்ஸ்ஃபிகரேஷன்' வந்தபோது வாங்கப் போனேன். பணம் செலுத்தும் பக்கத்தில் அதே சிறு கட்டம் இருந்தது. டிரம்ஸ் பற்றி இரண்டு வரி எழுதினேன், எந்த உருப்படி, எத்தனையாவது நிமிடம் என்று குறிப்பிட்டு.